வீடு மாறும் முன் ஒரு போர்வை

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரி வட்டத்தில், ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்திருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்குதான் உள்ளது. ஊருக்குள் விஜயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில், செம்புரைக்கல்லால் எழுந்து நிற்கிறது. பழவேற்காட்டுக்குப் பறவைகளையும் படகுகளையும் பார்க்க வருவோர் பலர். இக்கோயிலுக்குள் நுழைவோர் சிலரே. நுழைபவர்கள் மண்டபத்தில் ராமகாதைக் காட்சிகள் மிகச் சிறிய உருவங்களாகச் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

ராமகாதையின் நடுநாயகமான நிகழ்ச்சி, ஒரு குடும்பம் தன் வீட்டை விட்டுப் புறப்படுவது. வனவாசம் என்றதும் தசரதரின் துயரமும் கைகேயியின் பிடிவாதமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் புறப்படும் முன் அந்த வீட்டில் நடந்த காரியங்களை வால்மீகி பகவான் அயோத்தியா காண்டத்தில் பொறுமையாகச் சொல்கிறார். வசிஷ்டரின் திருக்குமாரரான சுயக்ஞர் அழைக்கப்படுகிறார். அவருடைய மனைவிக்குத் தன் முத்துமாலையையும் மேகலையையும் தோள்வளைகளையும் கொடுக்க விரும்புகிறாள் சீதாபிராட்டி. அத்துடன் உயர்ந்த விரிப்போடு கூடிய தன் கட்டிலையும் கொடுக்கிறாள். நகைகளைக் கொடுத்ததில் வியப்பில்லை. தான் படுத்துறங்கிய கட்டிலையும் அதன் விரிப்பையும் இன்னார் வீட்டுக்கு என்று தானே முடிவு செய்தாள் என்பதுதான் நெஞ்சைத் தொடுகிறது.

அதன்பின் ஸ்ரீராமர் தம்மை அண்டி வாழ்ந்த பணியாளர்களுக்குப் பிழைப்புக்கு வேண்டிய பொருளை அளித்து ஓர் வேண்டுகோள் வைக்கிறார். தாம் திரும்பி வரும்வரை லட்சுமணனின் இல்லமும் தமது இல்லமும் வெறுமையாகக் கிடக்கக்கூடாது என்கிறார். பிறகே மரவுரி வருகிறது. அதை உடுத்தத் தெரியாமல் சீதாபிராட்டி திகைத்து நிற்க, ஸ்ரீராமரே அருகில் வந்து அவளது பட்டாடையின் மேல் அதைக் கட்டிவிடுகிறார்.

ஏரிக்கரையின் பெயர்ச்சிகள்

பதினான்கு ஆண்டுகளில் திரும்புவோம் என்ற நிச்சயம் அயோத்தியிலிருந்து சென்றவர்களுக்கு இருந்தது. பழவேற்காடு ஏரியைச் சுற்றி வீட்டைவிட்டுப் போனவர்களில் பலருக்கு அந்த நிச்சயம் கிடைக்கவில்லை. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு 1960களின் இறுதியில் ராக்கெட் தளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குமுன் அது விறகுக்காடு; அங்கு வெட்டிய விறகு பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்னை அடுப்புகளுக்கு வந்து கொண்டிருந்தது. தீவில் யானாதி மக்களும் மீனவக் குடும்பங்களும் வாழ்ந்தனர். 1971 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் சீறிப் பாய்ந்தது. தீவின் மீனவக் குடும்பங்கள் ஏரியின் மறுகரைகளுக்குக் குடிபெயர்ந்தன.

ஏரியில் மீன்பிடிக்க இங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை விரிப்பது என்பதை ஊர்கூடிச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் தீர்மானிப்பார்கள். ஊர் மாறினால் அந்தப் பாட்டு உரிமையும் கேள்விக்குறியாகிவிடும். ஆகவே மீனவனுக்கு வீடு மாறுவது கூரையை மட்டும் மாற்றும் காரியமன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரக் குப்பங்களில் கூரைவீடுகளிலிருந்து சிமெண்ட் குடியிருப்புகளுக்குச் சென்றவர்களும் இவ்வகையைச் சேர்ந்தவர்களே.

இன்று ராக்கெட் ஏவுவதற்கு முன் விஞ்ஞானிகள் ஏரியின் மேற்கே சூலூர்பேட்டையில் எழுந்தருளியிருக்கும் செங்காளம்மன் சந்நிதிக்கு வந்து வழிபட்டுச் செல்வதைச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். அன்று தீவைவிட்டு வந்தவர்களுக்கும் அருகில் இருந்த பெரிய தெய்வம் அவளே.

பழம்புடவையின் பயணம்

வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. தமிழர்கள் இதற்கு என்றோ ஒரு வழி கண்டார்கள். குலதெய்வத்தின் தலத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சென்று, புதிய ஊரில் அதை வைத்துத் தெய்வத்தை நிலைநிறுத்துவார்கள். பிடிமண் என்று அதற்குப் பெயர். தெய்வத்துக்குப் பிடிமண் இருக்கிறது. வீட்டுக்கு? பெண்கள் அதற்கும் ஒன்றை வைத்திருந்தார்கள், அது பழம்புடவை. பிறந்த குழந்தையைக் கடைத்துணியில் கிடத்தாமல், பாட்டியின் துவைத்துத் துவைத்து மெத்தென்றான நூல்புடவையில் கிடத்துவது நம் வீடுகளில் இன்றும் உண்டு. தூளி கட்டுவதும் அதில்தான்.

நான்கைந்து பழம்புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நெருக்கமாக நூலோட்டித் தைத்தால் ஒரு போர்வை கிடைக்கும். தெலுங்கில் இதற்குப் 'பொந்த' என்று பெயர். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால் அக்கரைக்காரர்களுக்குப் பழகிய சொல். மராட்டியத்தில் இது கோதடி. வங்காளத்தில் 'காந்தா', நம்முடைய 'கந்தை'யும் அதுவும் ஒரே வேரின் கிளைகள். வங்கப் பெண்கள் பழம்புடவையின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்துத் தைத்தார்கள். தமிழில் கந்தை என்றால் இகழ்ச்சி. அங்கோ அது அருங்காட்சியகத்தில் வைக்கும் கலை. சொல்லுக்கும் ஊருக்கு ஊர் தலையெழுத்து மாறும் போலிருக்கிறது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்னும் சமூகத்தார் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இவர்களில் உண்டு. தாய்நாட்டிலிருந்து எதையும் கொண்டுவர இயலாத முன்னோரின் பேத்திகள் 'கவந்தி' என்ற ஒட்டுப்போர்வையைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வரும் தையல் அது. நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணியைப் 'பூ' என்று சொல்லி வைப்பார்கள். பூ இல்லாத போர்வை அவர்களுக்கு ஆடையில்லாதது போல. நடுவில் கடைசித் துண்டை மூடும்போது அதனடியில் சிறிது அரிசி இடுவதும் உண்டு. நம் வீட்டுச் சுமங்கலிக்கு மடி நிரப்புவதைப் போல அது போர்வைக்கு மடி நிரப்புவது.

பழவேற்காட்டின் துணியும் இப்படியொரு பயணம் போயிருக்கிறது. டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டியது 1613இல். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களது வாணிபத்துக்கு இதுவே தலைநகரம். கட்டம் போட்ட கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் இவ்வூரின் பெயரே வழங்கிற்று. கடற்கரை மணலில் விளைந்த சாயவேர், அதாவது இம்பூறல், தந்த சிவப்பு எத்தனை சலவைக்கும் அசையாதது. அச்சாயத்தில் பூவும் மரமும் எழுதிய கட்டில் விரிப்புகள் ஐரோப்பா சென்றன. உள்நாட்டு நெசவு நலிகிறதென்று பிரான்ஸ் 1686இல் இத்தகைய துணிகளைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1721இல் அணியவே கூடாதென்றது. ஆயினும் கிழிந்த விரிப்பிலிருந்து பூவையும் பறவையையும் வெட்டியெடுத்து வேறு துணியில் பதித்துப் போர்வை தைக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது. அவ்விரிப்புகளுக்கு வணிகர் வைத்த பெயர் 'பலங்க்போஷ்', கட்டில்மூடி. அதிலுள்ள 'பலங்க்' என்பது 'பரியங்கம்' என்னும் வடசொல்லின் திரிபு. சுயக்ஞரின் மனைவிக்குச் சீதாபிராட்டி கொடுத்த கட்டிலை வால்மீகி குறிப்பதும் அச்சொல்லால்தான். நம்முடைய பல்லக்கும் அதே குடும்பம்.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிக் குடும்பங்கள் வண்டிகட்டிப் புறப்பட்டபோது, அண்டை வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு துண்டில் தம் பெயரை மையால் எழுதி, அவற்றை இணைத்துப் போர்வையாக்கிக் கொடுத்து வழியனுப்பினார்கள். மறுபடி பார்க்கமாட்டோம் என்பது இருதரப்புக்கும் தெரிந்திருந்தது.

பரணும் பத்திரமும்

இன்று பழைய வீட்டைக் கொடுத்துவிட்டு மகனுடனோ மகளுடனோ அடுக்ககத்துக்குச் செல்லும் பெரியவர்கள் ஏராளம். விற்பனைப் பத்திரத்தில் நான்கெல்லை வரும், சதுர அடி வரும், கிணறும் தென்னையும்கூட வரும். பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டி வராது. கடைசி வாரம் அவசரமாக அதைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் மூட்டையாகப் பழைய துணிக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு பல மாதங்கள் அந்த ஒரு புடவையை நினைத்துத் தூக்கமிழப்பவர்கள் இருக்கிறார்கள். சாமான்களை ஏற்றும் லாரி வருவதற்கு இரண்டு மாதம் முன்பே பெட்டியைத் திறந்துவிடுவது நல்லது.

நூல்புடவைகளே இதற்கு ஏற்றவை. நைலான் வழுக்கும், பட்டு மடிப்பில் நைந்து விடும், ஆகவே பட்டின் கரையை மட்டும் வெட்டி ஓரத்துக்கு வைக்கலாம். வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, நாப்தலின் நெடி போனபின் விரிக்க வேண்டும். நைந்தவை உள்ளே, உறுதியானவை மேலும் கீழும். பெரிய ஊசி, கெட்டியான பருத்தி நூல் போதும். கண் மங்கியவர்களுக்கு ஊசி கோக்கப் பேரப்பிள்ளைகள் இருந்தால், எந்தப் புடவை எந்த நாளில் உடுத்தியது என்ற கேள்வி தானாக வரும். வளைகாப்பு, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் எல்லாம் பேச்சில் வரும். பிள்ளைகள் மூவரென்றால் ஒரே புடவையை மூன்றாக வெட்டி மூன்று போர்வைகளிலும் வைப்பதுண்டு. பாகப்பிரிவினைகளிலேயே மனஸ்தாபம் மிகக் குறைந்தது இதுவாகத்தான் இருக்கும்.

அம்மனுக்குச் சாத்திப் பிரசாதமாகக் கிடைத்த புடவையைச் சேர்க்கலாமா என்பது பலருடைய ஐயம். கால்படும் விரிப்பில் அதை வைக்காமல், போர்த்திக்கொள்ளும் போர்வையின் தலைப்பக்கத்தில் வைப்பது பொருத்தம். பூஜை அறையில் பலகை மேல் விரிக்கும் சிறு துணியாகத் தைத்துக்கொண்டால் இன்னும் நன்று. மறைந்தவர்களின் துணியைப் பற்றிக் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் வேறுபடும். வீட்டுப் பெரியவர்கள் சொல்வதே முடிவு. தானம் கொடுக்க நினைப்பவர்கள் யாருக்கு என்பதையும் தாமே தீர்மானித்துக் கொடுக்கலாம். சீதாபிராட்டி காட்டிய வழி அது.

ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை. ஆகவே அந்த மாதம் தையலுக்கு வசதியானது. ஆனியில் பெட்டியைத் திறந்து பிரித்து வைத்துக்கொண்டால், ஆடியில் தினம் ஒரு மணிநேரம் உட்கார்ந்து, அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஞாயிறுகளை விட்டுவிட்டாலும், ஆவணி முகூர்த்தத்துக்குள் ஒரு போர்வை முடிந்துவிடும். ஒரு மூலையை மட்டும் தைக்காமல் வைத்திருந்து, புது வீட்டில் பால் காய்ச்சிய பிறகு, அதற்குள் நான்கு மணி அரிசியிட்டு மூடிக்கொள்ளலாம்.