தைப்பொங்கலும் ஞாயிற்றின் வடசெலவும்

மார்கழி வைகறையில் வடபழனித் தெருக்களில் நடப்போர், முருகன் கோயில் மணியோசையைக் கேட்பர்; வாயில்தோறும் கோலமிடும் மகளிரையும் காண்பர். ஞாயிறு வடக்கே செல்லும் உத்தராயணம் தேவர்க்குப் பகல். தெற்கே செல்லும் தட்சிணாயனம் இரவு. ஆகலின் மார்கழி அவர்தம் வைகறை, தை முதல்நாளே விடியல் என்பது முன்னோர் கொள்கை. ஞாயிறு வடக்கே திரும்பும் நாளே பொங்கல் நாள் என்று இளமை முதல் யாமும் கேட்டு வந்துள்ளோம்.

அஃது உண்மையா என்று அறிய விழைந்து, சென்ற மார்கழியில் எம் வீட்டு மொட்டைமாடியில் ஓரடிக் கோலொன்றை நேர்நிறுத்தி, நண்பகல் நிழலை அளந்து வந்தோம். டிசம்பர் 22ஆம் நாள் நிழல் 9 அங்குலத்திற்குச் சற்றே குறைவாக நின்றது. அதற்கு மேல் அது நீளவில்லை. பொங்கலன்றோ 8¼ அங்குலமாகக் குறுகிவிட்டது. ஞாயிறு முன்னரே திரும்பிவிட்டதென்பது இதனால் தெளிவாயிற்று.

இதற்குக் காரணம் யாது? தளர்ந்து சுழலும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுதல் போலப் புவியின் அச்சும் ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுகின்றது. அதனால், ஞாயிறு திரும்பும் இடம் விண்மீன்களிடையே 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கிப் பெயர்கின்றது. ஒரு பாகை ஏறத்தாழ ஒரு நாட்செலவாகும். நம் பஞ்சாங்கமோ விண்மீன்களைப் பற்றி நின்று, ஞாயிறு மகர ராசியிற் புகுதலையே தைப்பிறப்பாகக் கணிக்கின்றது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன. இன்று 24 நாள் அளவு விலகி நிற்கின்றன.

இது கண்டு பிறரை நகைத்தற்கு எமக்கு உரிமையில்லை. கிறிஸ்தவராகிய யாம் போற்றும் டிசம்பர் 25, சீசர் வகுத்த நாட்காட்டியில் உரோமர் ஞாயிறு திரும்பும் நாளாகக் கொண்டதே. அதுவும் இன்று மெய்ந்நாளுக்கு மூன்று நான்கு நாள் பிந்தியே வருகின்றது.

ஆயினும், புதிதாய்க் கற்றதன் செருக்கு எம்மை விட்டிலது. அளவுக் குறிப்பை அடுத்த வீட்டு முதிய அம்மையாரிடம் காட்டி, "தங்கள் பொங்கல் 24 நாள் பிந்தியது, பாட்டி" என்றோம். தஞ்சை மண்ணிற் பிறந்த அவர் முறுவலித்து, "அப்படியே இருக்கட்டும், தம்பி. ஆனால், புதுநெல் தையில்தானே வீட்டுக்கு வருகிறது?" என்றார். எமக்கு விடை எழவில்லை.

மேகநாத சாகா தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி 1957இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியில், டிசம்பர் 22 பௌஷ மாதத்தின் முதல்நாளாயிற்று. எனினும், பொங்கற்பானை அந்நாளுக்குப் பெயரவில்லை. ஞாயிற்றோடு சம்பா நெல்லுக்கும் உழவர்க்கும் எருதுக்கும் நன்றி கூறும் நாளை வானக் கணக்கொன்றே பெயர்த்தல் இயலாதன்றோ?

ஆகலின், மாணவ நண்பர்களே, வரும் டிசம்பர் 22 நண்பகலில் ஒரு கோல் நட்டு நிழலை அளந்து பாருங்கள். தை முதல்நாள் அயலார் அன்போடு அளிக்கும் பொங்கலையும் மறவாது உண்ணுங்கள்.