உஷார்! செத்த டிஸ்க்கை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கை உருவிவிடாதீர்கள்

சர்வரின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு மினுக்குகிறதா? உள்ளேயிருந்து பீப், பீப் என்று விடாமல் கத்துகிறதா? முதல் வேலையாகக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். எதையும் உருவாதீர்கள். ரெய்டு போட்ட சர்வரில், அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி ஓட்டுகிற சர்வரில், ஒரு ஹார்ட் டிஸ்க் செத்தால் குடி முழுகிவிடாது. அந்த ஒரு சாவைத் தாங்குவதற்குத்தான் ரெய்டே போடுகிறோம். ஆபத்து இருப்பது, அதை மாற்ற வருகிற கையில்!

நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் வட்டாரத்தில் சர்வர் என்றால் ஏசி போட்ட பெரிய அறை என்று நினைக்க வேண்டாம். விசைத்தறிக்கு நூல் கொடுத்து வாங்குகிற கடையின் கணக்கு, ஸ்கேன் சென்டரின் படங்கள், பள்ளிக்கூடத்தின் பதிவுகள், சிசிடிவி பெட்டி என்று மேஜைக்கு அடியிலும் மாடிப்படிக்குக் கீழேயும் இவை ஓடிக்கொண்டிருக்கின்றன. கோளாறு என்றால் ஆள் வரவேண்டியது திருப்பதியிலிருந்தோ சென்னையிலிருந்தோ. அதனால் பாதி வைத்தியம் போனிலேயே நடக்கிறது. வினை தொடங்குவதும் அங்கேதான்.

இப்படி ஒரு பேச்சை நினைத்துப் பாருங்கள். திருப்பதியிலிருந்து இன்ஜினியர் தெலுங்கில் சொல்கிறார்: “அண்ணா, ரெண்டோ நம்பர் டிஸ்க் தீயண்டி” (இரண்டாம் நம்பர் டிஸ்க்கை எடுங்கள்). கடைப்பையன் எண்ணுகிறான்: ஒன்று, ரெண்டு. உருவுகிறான். ஆனால் இன்ஜினியரின் திரையில் தெரிகிற எண்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. அவர் சொன்ன இரண்டு, பெட்டியில் மூன்றாவது! சில பெட்டிகளில் எண்ணிக்கை இடமிருந்து வலம் போகும். சிலவற்றில் மேலிருந்து கீழ். கையால் கோத்த அசெம்பிள் சர்வரில் எந்தக் கேபிள் எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது என்பது செருகியவருக்கே மறந்துபோயிருக்கும். நான்கு டிஸ்க் போட்ட ரெய்டு 5-இல் ஒன்று ஏற்கெனவே செத்திருக்க, இன்னொன்றையும் உருவினால் அந்த நொடியே மொத்தமும் படுத்துவிடும். ரெய்டு 6 இரண்டு சாவைத் தாங்கும். அங்கேயும் ஒன்று செத்தபின் மிச்சமிருப்பது ஒரே ஒரு வாய்ப்புதான்.

இதைவிடப் பொல்லாத பொறி லினக்ஸ் சர்வரில் இருக்கிறது. எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று டிஸ்க்குகளுக்குப் பெயர் வரும். இவை நிரந்தரப் பெயர்கள் அல்ல. சர்வர் எழுந்திருக்கும்போது கண்ணில் பட்ட வரிசையில் ஒட்டுகிற சீட்டுகள். நேற்று ராத்திரி “எஸ்டிபி போச்சு” என்று நோட்டில் எழுதி வைக்கிறீர்கள். காலையில் கரண்ட் போய் வருகிறது (நம் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை). சர்வர் மறுபடி எழும்போது செத்த டிஸ்க் வாயே திறக்கவில்லை. வரிசை ஒரு படி நகர்கிறது. நேற்றைய எஸ்டிசி இன்றைக்கு எஸ்டிபி ஆகிவிட்டது. நோட்டைப் பார்த்து உருவினால் கையில் வருவது நல்ல டிஸ்க். எழுதிவைக்கிற பழக்கம் நல்லதுதான். எழுதவேண்டியது எதை என்பதில்தான் உயிர் இருக்கிறது.

எழுதவேண்டியது சீரியல் நம்பர். ஒவ்வொரு டிஸ்க்கின் லேபிளிலும் அது அச்சாகியிருக்கும், டிஸ்க்கின் உள்ளேயும் பதிவாகியிருக்கும். ஸ்லாட் மாறினாலும் பெயர் மாறினாலும் அது மாறாது. ஸ்மார்ட்சிடிஎல் என்கிற இலவசக் கருவியைக் கேட்டால் சொல்லும். டெல்லின் ஐடிராக் போன்ற நிர்வாகப் பக்கங்களில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எதிரே எழுதியிருக்கும். திரையில் வந்த நம்பரும் கையில் இருக்கிற டிஸ்க்கின் லேபிளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எட்டையும் ‘பி’ எழுத்தையும், பூஜ்யத்தையும் ‘ஓ’ எழுத்தையும் குழப்பிக்கொள்ளாமல், ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்கட்டும். புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்கள் கூட எங்கே முறிந்தது என்று தடவிப் பார்த்த பிறகுதானே மூங்கில் பத்தையை வைக்கிறார்கள்?

செத்த டிஸ்க் தன் நம்பரையே சொல்லவில்லையென்றால்? அப்போது உயிரோடிருப்பவற்றின் நம்பர்களை எல்லாம் எழுதுங்கள். பெட்டியில் நான்கு லேபிள், திரையில் மூன்று நம்பர். திரையில் வராத லேபிள்தான் குற்றவாளி. ஒரே சங்கடம், லேபிளைப் பார்க்க டிஸ்க்கை வெளியே எடுக்கவேண்டியிருக்கும் என்பது. அதற்காக ஓடுகிற சர்வரில் ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தீர்களோ, தொலைந்தது. வேறு அடையாளம் இல்லாத பெட்டி என்றால் முறைப்படி ஷட்டவுன் செய்து, அணைத்துவிட்டு, எடுத்துப் பாருங்கள். எந்த ஸ்லாட்டிலிருந்து எடுத்தீர்களோ அதிலேயே திரும்பச் செருகுங்கள். அரை மணி நேரம் வேலை நின்றால் என்ன, ஊரா கவிழ்ந்துவிடும்?

விளக்கை நம்பலாமா? துணைக்கு நம்பலாம், தனியே வேண்டாம். நல்ல சர்வர்களில் குறிப்பிட்ட டிஸ்க்கின் விளக்கை மட்டும் மினுக்கவைக்கிற ‘லொகேட்’ வசதி உண்டு. லினக்ஸில் லெட்மான் தொகுப்பு இதைச் செய்யும், பெட்டியின் பின்பலகை ஒத்துழைத்தால். எச்பி ஜென் 8 சர்வர்களோடு வந்த டிஸ்க் டிரேக்களில் ஒரு வெள்ளை விளக்கே வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் “என்னை எடுக்காதே, எடுத்தால் தகவல் போய்விடும்” என்று பொருள். உருவுகிற கையைத் தடுக்கவென்றே ஒரு கம்பெனி தனி விளக்கு வைத்திருக்கிறது என்றால், எத்தனை பேர் தப்பாக உருவியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

“நமக்கெல்லாம் இப்படி ஆகாது” என்பவர்களுக்கு 2017 ஜனவரி 31-ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனம். முதன்மை டேட்டாபேஸ் சர்வர் ஒன்று, அதன் நகலாக இன்னொன்று. நகல் பின்தங்கிப்போக, அதிலிருந்ததைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாம் என்று ராத்திரி வெகுநேரம் வரை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் ஓர் இன்ஜினியர். அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு நொடியில் சுரீரென்று உறைத்தது: அவர் நின்றுகொண்டிருந்தது நகலில் அல்ல, முதன்மை சர்வரில்! நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி போலத்தான் மிஞ்சியது. சரி, பேக்கப்பை எடுக்கலாம் என்று போனால் அங்கே வெறும் கூடு. மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லவேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. ஏறக்குறைய 5,000 புராஜெக்டுகளின் அந்த ஆறு மணி நேரத் தகவலும், 700 புதுக் கணக்குகளும் போயே போய்விட்டன. அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, திறமைக்கும் பஞ்சமில்லை. ஒன்றுபோல இருக்கிற இரண்டில் எது என்று ஒரு கணம் நின்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று: செத்தது டிஸ்க்தானா? தளர்ந்துபோன கேபிள் கூட டிஸ்க் சாவு போலவே நடிக்கும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்கிற ஸ்மார்ட் அறிக்கையில் 199 என்று எண் போட்ட வரி ஏறிக்கொண்டேயிருந்து, 5, 197, 198 வரிகள் பூஜ்யத்தில் நின்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். அதேசமயம் அறிக்கை சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேலானவை வெப்பநிலை நீங்கலாக எந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன.

ஏற்கெனவே தப்பாக உருவிவிட்டீர்களா? பதறாதீர்கள், பதற்றத்தில் தட்டுகிற அடுத்த பட்டன்தான் நிஜமான கொலைகாரன். எடுத்ததை அதே ஸ்லாட்டில் திரும்ப வையுங்கள். திரையில் ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று வந்தால் ‘கிளியர்’ பக்கமே போகாதீர்கள். ‘இனிஷியலைஸ்’, ‘கிரியேட்’ இரண்டும் விஷம். சாதாரணமாக இந்த நிலையில் தகவல் இன்னும் டிஸ்க்கின் மேலேதான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர் மீட்டுவிடக்கூடும். ‘ஓகே, ஓகே’ என்று தட்டிக்கொண்டே போனால் அவர் வந்தும் பிரயோஜனம் இல்லை. ஒன்றுமே புரியவில்லையா, சர்வரை நிறுத்திவிட்டு ஆள் வரும்வரை காத்திருங்கள்.

சரியான டிஸ்க்கையே மாற்றினாலும், புது டிஸ்க்கில் தகவலை நிரப்புகிற ரீபில்ட் முடியும்வரை உயிர் ஊசலாடத்தான் செய்யும். பெரிய டிஸ்க்குகளுக்கு அது மணிக்கணக்கில் போகும், சில சமயம் நாள்கணக்கில். அத்தனை நேரமும் மிச்சமுள்ள பழைய டிஸ்க்குகள் மூச்சுவாங்க ஓடும். ஒரே நாளில் வாங்கி ஒரே வயதில் கிழண்டவை அவை. ஆகவே உருவுவதற்கு முன்பே முக்கியமான கணக்குகளை வேறொரு டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். “ரெய்டு இருக்கே, பேக்கப் எதுக்கு?” என்று கேட்கிற முதலாளிக்கு மேலே சொன்ன கிட்லேப் கதையைப் படித்துக் காட்டுங்கள்.

எல்லாம் நன்றாக ஓடுகிற இந்த வாரத்திலேயே ஒரு மாலை, கடை சாத்திய பிறகு சர்வரை முறைப்படி அணையுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரில் கடைசி நான்கு எழுத்துகளை வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி, அதனதன் டிரேயின் முகப்பில் ஒட்டுங்கள். எது எந்த ஸ்லாட் என்று போனில் ஒரு போட்டோ, சர்வரின் பக்கவாட்டில் ஒரு தாள். திருப்பதியிலிருந்து இனி யார் போனில் “ரெண்டோ நம்பர்” என்றாலும், “நம்பர் வேண்டாம் சார், சீரியலின் கடைசி நாலு எழுத்தைச் சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர் சொல்லாதவரை எதையும் உருவாதீர்கள்.