கோபோல் சூழலைச் சியிலிருந்து மூடும் முறை

துறைமுகத்தை அண்டிய மட்டக்குளியில் ஒரு களஞ்சியசாலை. அதன் சரக்கிருப்பைக் கணக்கிடுவது பழைய கோபோல் செய்நிரல். அதை அழைத்து வேலை வாங்குவது சி மொழியில் எழுதிய புதியது என்று வைத்துக்கொள்வோம். தொகுப்பி குனூகோபோல். வேலை முடிந்ததும் கோபோலின் இயக்கநேரச் சூழலைச் சி செய்நிரலே மூட வேண்டும்.

மூடும் வேலை கோபோல் பக்கத்திலேயே தொடங்குகிறது. திறந்த ஒவ்வொரு கோப்புக்கும் 'குளோஸ்' எழுதி, அதன் கீழே 'கோபேக்' எழுதுக. 'ஸ்டாப் ரன்' இங்கே ஆகாது. கோபேக் கட்டுப்பாட்டைச் சியிடம் திருப்பித் தரும். ஸ்டாப் ரன் முழுவதையும் அந்த இடத்திலேயே முடித்துவிடும்.

சி பக்கத்தில் முதலில் சூழலைத் தொடங்கும் 'கோப்_இனிட்', ஒரே ஒரு முறை. அடுத்து 'கோப்_ரிசால்வ்' மூலம் கோபோல் தொகுதியின் சுட்டியைப் பெற்று, அதன் வழியே அழைத்து, திரும்பி வரும் எண்ணை மாறியொன்றில் சேமிக்க வேண்டும்.

இனி சூழலை மூடும் 'கோப்_டைடி'. இதன் உள்வேலை அழகானது. முதலில் திரை வழமை நிலைக்குத் திரும்புகிறது. அடுத்து, இன்னும் திறந்திருக்கும் கோப்புகள் மூடப்படுகின்றன. அப்படி மூடப்படும் கோப்பின் பெயர் எச்சரிக்கையாக வரும், எந்த குளோஸ் விடுபட்டது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பின்னர் ஏற்றிய தொகுதிகள் விடுவிக்கப்படுகின்றன. கோப்பின் பதிவுப் பரப்பு தொகுதிக்குள் இருப்பதால், கோப்பு முந்தியும் தொகுதி பிந்தியும் போவதே முறை. பொது நினைவகம் கடைசியில்.

மின்சாரம் நின்றால் இந்த ஒழுங்கு எதுவும் நடக்காது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த இலங்கையில், யூபிஎஸ் தாங்கும் சில நிமிடங்களுக்குள் நடப்புப் பதிவை முடித்து கோப்_டைடிக்கு வந்து சேரும்படி செய்நிரலை அமைப்பது அவசியம்.

கோப்_டைடி 0 தந்தால் சூழல் மூடியாயிற்று. 1 தந்தால் சூழல் தொடங்கப்படவே இல்லை. மூடிய பின் பழைய சுட்டி செல்லாது, அதை வெறுமையாக்கிவிட வேண்டும். 'கோப்_ஸ்டாப்_ரன்' இதே துப்புரவைச் செய்து, கொடுத்த நிலை எண்ணோடு செயல்முறையையும் முடித்துவிடும். சியில் அதற்குப் பின் ஒரு வரியும் ஓடாது. மீள வழியில்லாத பிழைக்கு அது போதும். அறிக்கை எழுதுவது, வலையிணைப்பைத் துண்டிப்பது போன்ற வேலை மிச்சமிருந்தால் கோப்_டைடியே ஏற்றது.

இறுதியாக முனையத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோப்பு எச்சரிக்கை ஒன்றும் வராமல், வெளியேறும் நிலை எண் 0 என்று வந்தால் வேலை சரி.