தட்டோடு பகை வேண்டாம்

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது முதுமொழி. துடியலூர் வட்டார இல்லங்களில் கொள்ளுப் பருப்பு பழகிய உணவே. ஆயினும் எடை குறைக்க விரும்புவோர் சிலர், அதனை மருந்தென எண்ணி முகஞ்சுளித்து உண்கின்றனர். கொள்ளு மந்திரமன்று, அதிலுள்ள புரதமும் நார்ச்சத்தும் விரைவில் பசி எழாமல் காக்கின்றன, அவ்வளவே. தாளிக்கும் எண்ணெயோ கிராமுக்கு 9 கலோரி தருவது. அதை அளந்து ஊற்றுங்கள். தட்டில் பாதி காய்கனிகளாக இருக்கட்டும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டி.

திருவிழா நாளில் ஓர் ஒப்புட்டை மகிழ்ந்து உண்பது குற்றமன்று. அதற்காக மறுநாள் பட்டினி கிடந்தால், அதற்கடுத்த நாள் பெருந்தீனியே மிஞ்சும்.

பெற்றோரே, உண்ணும் வேளையில் பிள்ளையின் பருமனைக் கேலி செய்யாதீர்கள். கேலி எடையைக் குறைக்காது. மறைந்து உண்ணவே பழக்கும். எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து, நன்கு மென்று, சிரித்துப் பேசி உண்ணுங்கள்.