எழும்பூர் அலமாரியில் ஒரு ரோமானியக் கைப்பிடி

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம். 1944-இல் அங்கே ஓர் அலமாரியைத் திறந்து பார்த்தார் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர். உள்ளே ஒரு மண்சாடியின் உடைந்த கைப்பிடி. ரோமானிய வணிகர்கள் மது கொண்டுவந்த சாடி! கிடைத்த இடம், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு.

மறு ஆண்டே அங்கு அகழாய்வு.

இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பாணியில் செய்த, பளபளக்கும் செந்நிறக் கலங்களின் துண்டுகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. ரோமானிய வீடுகளின் விருந்து மேசைக்கு அழகூட்டியவை இவை. சிலவற்றில் குயவர் பெயரும் முத்திரையாக இருந்தது. இவற்றின் காலம் ஆய்வாளர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே, அதே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் வயது துலங்கியது: ஏறக்குறைய 2000 ஆண்டுகள். காலம் தெரியாமல் கிடந்த தென்னிந்தியப் பானை ஓடுகளுக்கு, எங்கோ சுட்ட கிண்ணம் அளவுகோலானது.