தன்னார்வப் பணியும் முதல் வேலையும்

முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரியிடம் மதிப்பெண் பட்டியல் இருக்கும். சொல்லிக்கொள்ள அனுபவம் இருக்காது. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட எளிதில் கிடைக்கும் வழி தன்னார்வப் பணி. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இதன் பயன் இன்னும் அதிகம். வீட்டிலும் உறவிலும் அலுவலக வேலை பார்த்தவர் எவரும் இல்லாதபோது, “இவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தால் முடித்துத் தருவார்” என்று சொல்ல வெளியாள் ஒருவர் வேண்டும். பணியோடு சேர்த்து அந்த ஆளும் இங்கே கிடைக்கிறார்.

தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் பலர் இதற்குள் நுழைவது நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியாக. என்.எஸ்.எஸ். என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு இது தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி; கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். முடித்தவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. பலர் அதை வாங்கிக் கோப்பில் வைப்பதோடு விட்டுவிடுகிறார்கள். ஒரே கல்லூரியில் நூறு பேர் கையில் அதே தாள் இருக்கும்போது, நேர்காணல் நடத்துபவருக்கு அது தனியாக எதையும் சொல்வதில்லை. அந்த மணி நேரங்களில் என்ன செய்தார் என்பதுதான் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும்.

ரத்ததான முகாமை எடுத்துக்கொள்ளலாம். பயோடேட்டாவில் “ரத்ததான முகாமில் பங்கேற்றேன்” என்ற வரி நிற்பதும் ஒன்றுதான், நிற்காததும் ஒன்றுதான். பதிவு மேசையில் உட்கார்ந்தவர் கற்றது வேறு. கொடையாளரின் வயது 18 முதல் 65-க்குள் இருக்கிறதா, எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருக்கிறதா, ஹீமோகுளோபின் 12.5 கிராம் எட்டுகிறதா என்று அங்கே பார்த்தாக வேண்டும். தகுதி இல்லாதவரை மனம் நோகாமல் திருப்பி அனுப்ப வேண்டும். வரிசை நீண்டால் ரத்த வங்கி ஊழியரோடு பேசி ஒழுங்குபடுத்த வேண்டும். மருத்துவமனை நிர்வாகத்திலோ ஆய்வகத்திலோ வேலை தேடுபவர் இதை நான்கு வரியில் எழுதினால், கேட்பவருக்கு மேற்கொண்டு கேட்க விஷயம் கிடைக்கும்.

கற்பித்தலுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு மாலையில் குடியிருப்புப் பகுதியிலேயே வகுப்பு நடந்தது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. இப்படி ஒரு வகுப்பில் 52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு குழந்தை 26 என்று எழுதும். கவனக்குறைவு என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது பிடிபடவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்து, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால் 14 தானாக வரும். தவறு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம், பள்ளி வேலைக்கான மாதிரி வகுப்பில் விண்ணப்பதாரருக்கு நேரடியாகக் கைகொடுக்கும்.

கணினித் துறையில் செய்த வேலையை எவரும் திறந்து பார்க்கலாம் என்பது தனி வசதி. கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் ஒருவர் திருத்திய நிரல், அதற்கு மூத்தவர் சொன்ன குறை, மறுபடி திருத்தியது எல்லாம் தேதியோடு பொதுவெளியில் இருக்கும். கூகுள் 2005 முதல் நடத்தும் ‘சம்மர் ஆஃப் கோட்’ இத்திட்டங்களுக்குப் புதிதாக வருவோருக்கு உதவித்தொகையும் தருகிறது.

எல்லாத் துறைக்கும் பொதுவான சில பழக்கங்கள் உண்டு. அன்றன்று செய்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தால், இரண்டு ஆண்டு கழித்து நினைவைக் கிளற வேண்டியிருக்காது. பரிந்துரைக் கடிதத்தைப் பணி முடிந்த சூட்டோடு திட்ட அலுவலரிடம் கேட்டு வாங்குவது நல்லது. அப்போதுதான் அவரால் விவரமாக எழுத முடியும். பத்து இடங்களில் ஒவ்வொரு நாள் தலைகாட்டியதைவிட ஒரே இடத்தில் ஓராண்டு நின்றதற்கே மதிப்பு அதிகம்.

எச்சரிக்கையும் தேவை. சான்றிதழுக்குப் பணம் கேட்கும் அமைப்பை அப்போதே விட்டு விலகுவது நல்லது. லாப நோக்குள்ள நிறுவனம் தன் அன்றாட வேலையைச் சம்பளமில்லாமல் வாங்கிக்கொண்டு அதற்குத் தன்னார்வம் என்று பெயர் வைத்தால், அது சுரண்டல். தொண்டு நிறுவனம் பதிவு பெற்றதா என்பதை நிதி ஆயோக்கின் ‘தர்ப்பண்’ தளத்தில் தேடிப் பார்க்கலாம். அதில் பெயர் இருப்பது முதல் சோதனை மட்டுமே. மாலையில் வேலைக்குப் போனால்தான் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில் உள்ள மாணவருக்கு இலவச உழைப்பு ஒரு சுமை. அவர் கடையில் கணக்குப் பார்த்த அனுபவமும் அனுபவம்தான். அதையும் பயோடேட்டாவில் தாராளமாக எழுதலாம்.

அரசுப் பணியில் நிலைமை வேறு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 போல எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணே முடிவு செய்யும் இடங்களில் தன்னார்வப் பணிக்குத் தனி மதிப்பெண் இல்லை. குடிமைப் பணித் தேர்விலோ, விரிவான விண்ணப்பத்தில் நிரப்பும் இத்தகைய விவரங்களை ஒட்டியும் 275 மதிப்பெண் ஆளுமைத் தேர்வில் கேள்விகள் வரும். என்.எஸ்.எஸ். என்று எழுதியவரிடம், முகாம் நடந்த ஊருக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.