வடைச் சட்டியும் டர்பைன் வால்வும்

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து மாணவரா நீங்கள்? அப்படியானால் சுண்ணாம்புக்கல் சுரங்கத்து மண்ணில் கல்லாகிப் போன சிப்பிகளைப் பொறுக்கியிருப்பீர்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தையும் பார்த்திருப்பீர்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதற்கு இவை சாட்சிகள். பிளான்போர்டு என்ற ஆங்கிலேயப் புவியியலார் இப்பாறைகளைப் பற்றி 1862-லேயே விரிவாக எழுதி வைத்தார்.

அந்தக் கடலின் படிவுகள் உங்கள் ஊரோடு நின்றுவிடவில்லை. கிழக்கே போகப் போக அவை பூமிக்குள் இறங்கி, திருவாரூர், மயிலாடுதுறை வயல்களுக்கு அடியில் மிக ஆழத்தில் கிடக்கின்றன. காவிரிப் படுகை என்று இதற்குப் பெயர். உங்கள் ஊரில் வெளியே தெரிவது அதன் மேற்கு விளிம்பு. விளிம்பில் சிமெண்டுக்குக் கல் கிடைக்கிறது. ஆழத்தில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைக்கின்றன. அந்த வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கவே குத்தாலத்திலும் கோவில்களப்பாலிலும் சுமார் 100 மெகாவாட் அளவுள்ள காஸ் டர்பைன் நிலையங்கள் அமைக்கப்பட்டன.

காஸ் டர்பைன் என்பது என்ன? காற்றை உறிஞ்சி அழுத்தி, அதில் எரிபொருளைக் கலந்து எரித்து, சீறிப் பாயும் சூடான வாயுவால் சக்கரத்தைச் சுழற்றும் யந்திரம். ஆகாய விமானத்தின் ஜெட் எஞ்சினுக்கு இது நெருங்கிய சொந்தம். இது வாயுவால்தான் ஓடவேண்டும் என்பதில்லை. சென்னை பேசின் பிரிட்ஜில் 1996-ல் அமைந்த 30 மெகாவாட் டர்பைன்கள் நான்கும் நாப்தா என்னும் திரவத்தை எரிப்பதற்காக அமைந்தவை. உலகில் பல டர்பைன்கள் இரண்டும் தெரிந்தவை: வழக்கமாக வாயுவில் ஓடும், குழாயில் வாயு குறைந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே டீசலுக்கு மாறிவிடும். ஆஸ்பத்திரியோ ரயிலோ இருளில் மூழ்காமல் இருக்க இது நல்ல காப்பு.

காகிதத்தில் நல்ல காப்புதான். நடைமுறையில் தொல்லை எங்கே வந்தது தெரியுமா? உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு வால்வில்!

டர்பைனைச் சுற்றி எரியறைகள் வரிசையாக இருக்கும். சில வகைகளில் 10, சிலவற்றில் 14. ஒவ்வோர் அறைக்கும் டீசல் போகும் குழாயில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு மூடி, அவ்வளவே. டீசல் அழுத்தத்தோடு வந்தால் திறக்கும். வராவிட்டால் மூடிக்கொண்டு, எரியறையின் சூடான காற்று குழாய்க்குள் திரும்பி வராமல் தடுக்கும். யந்திரம் வாயுவில் ஓடும் மாதங்களில் இந்த வால்வுக்கு வேலையில்லை. அதற்குள் தேங்கிய டீசல் மட்டும் சூட்டில் வெந்துகொண்டிருக்கும்.

இப்போது உங்கள் வீட்டு வடைச் சட்டியைப் பாருங்கள். நடுவிலுள்ள எண்ணெய் இன்னும் ஓடும். விளிம்பில் மெல்லியதாய் ஒட்டிய எண்ணெயோ பழுப்பாகி, பிசினாகி, தேய்த்தாலும் போகாத கறுப்புப் பற்றாகிவிடுகிறது. மெல்லிய படலம், அசைவில்லாமை, சூடு, காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகிய நான்கும் அங்கே கூடுகின்றன. டீசலின் ரசாயனம் சமையல் எண்ணெயினது போன்றதே அல்ல. ஆனாலும் கதை ஏறக்குறைய அதுதான். சுமார் 120 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் தேங்கிய டீசல் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகவும், பிறகு கரியாகவும் மாறத் தொடங்குகிறது. டர்பைனில் அழுத்தப்பட்ட காற்றோ 300 டிகிரிக்கும் மேல்!

கரி படிந்த மூடி சரியாக உட்காராது. சூடான காற்று பின்னோக்கி நுழைந்து குழாயிலுள்ள டீசலைத் தள்ளிவிடும். மேலும் கரி சேரும். சில வால்வுகள் திறக்கவே மறுக்கும். ஒருநாள் வாயு நின்று டீசலுக்கு மாறும்போது ஓர் அறைக்கு நிறையவும், அடுத்ததற்குக் குறைவாகவும் எரிபொருள் போகும். வெளியேறும் வாயுவைச் சுற்றிலும் அளக்கும் வெப்பமானிகள் ஆளுக்கொரு கணக்குக் காட்ட, பாதுகாப்புக் கருவி யந்திரத்தையே நிறுத்திவிடும். அதாவது, காப்பு தேவைப்படும் அந்த ஒரே நாளில் காப்பு இல்லை.

இன்னும் நுட்பமாகக் கடைந்த மூடி போடலாமா, வலுவான ஸ்பிரிங் போடலாமா என்றுதான் முதலில் நமக்குத் தோன்றும். என் அபிப்பிராயத்தில் அது தப்பான கேள்வி. எவ்வளவு நேர்த்தியான மூடியானாலும் கரி அதன்மேல் உட்காரத்தானே செய்யும்? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஜாஸ்க் என்ற நிறுவனத்தின் பொறியாளர்கள் வால்வை விட்டுச் சூட்டைப் பிடித்தார்கள். வால்வின் உடலைச் சுற்றி ஓர் உறை வைத்து, அதில் ஓயாமல் தண்ணீரை ஓடவிட்டார்கள். உள்ளே டீசல் தேங்கித்தான் நிற்கிறது. ஆனால் கரியாகும் சூட்டை எட்டுவதில்லை. எரிபொருளை அடைக்கும் வேலை, குழாயைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் வழியைத் திறந்து மூடும் வேலை ஆகிய இரண்டையும் ஒரே மூவழி வால்வுக்குக் கொடுத்தார்கள்.

ஜெட் விமானத்தில் இத்தனை தண்ணீரைச் சுமக்க முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே எரிபொருளையே பரீட்சை செய்து தேர்ந்தெடுக்கிறார்கள். 260 டிகிரிக்குச் சூடாக்கிய சிறு உலோகக் குழலின்மேல் இரண்டரை மணி நேரம் அதை ஓடவிட்டு, குழலில் எவ்வளவு கறை ஏறியது என்று நிறம் பார்ப்பார்கள். கறை அதிகமானால் அந்த எரிபொருள் தேறாது.

தண்ணீர் உறை என்றதும் அரியலூர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் எழவேண்டும். சுண்ணாம்புப் பாறையில் ஊறிய கிணற்று நீரைக் காய்ச்சிக் காய்ச்சி, வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளைப் பற்று ஏறியிருப்பதைப் பார்த்தவர்கள் அல்லவா! அந்த நீரை உறைக்குள் விட்டால் உள்ளே கரிக்குப் பதிலாக வெளியே சுண்ணாம்பு படியும். படிந்த சுண்ணாம்பு சூட்டை நீருக்குக் கடத்தாது. பிறகு டீசலும் கரியாகும். அதனால்தான் உப்புகளை நீக்கிய நீரையே மூடிய குழாய்களில் திரும்பத் திரும்பச் சுற்ற விடுகிறார்கள்.